எந்தப் பிள்ளை எந்த அணியில்? சிறுவர் கால்பந்து கிளப் தொடங்குவோருக்கு

சேலத்தில் சிறுவர்களுக்கான கால்பந்து கிளப் ஒன்றைத் தொடங்குவது பெரிய வேலை அல்ல. அஸ்தம்பட்டியிலோ சூரமங்கலத்திலோ ஒரு பள்ளி மைதானத்தைக் காலை ஆறு மணிக்குத் திறந்துவிடச் சம்மதம் பெற்று, பத்துப் பந்துகளும் முப்பது கோன்களும் வாங்கிவிட்டால், ஓரிரு மாதங்களில் நாற்பது பிள்ளைகள் சேர்ந்துவிடுவார்கள். சிக்கல் அதன் பிறகுதான் தொடங்கும். ஏழு வயதுப் பிள்ளையும் பதினான்கு வயதுப் பிள்ளையும் ஒரே மைதானத்தில் நிற்பார்கள். யாரோ ஒருவர் ஓமலூரில் டோர்னமென்ட் என்று நோட்டீஸ் கொண்டுவருவார். பதினைந்து பேரைப் பொறுக்கி அனுப்பியதும், மிச்சமிருந்தவர்களில் பாதிப் பேர் அடுத்த வாரம் வரமாட்டார்கள். அப்படி நின்றுபோகிற பிள்ளைகளில்தான் பல நேரம் நல்ல ஆட்டக்காரர் இருக்கிறார் என்பது என் அனுபவம். எனவே பயிற்சிக்கான நிலைகளையும் போட்டிக்கான அணிகளையும் எப்படிப் பிரிப்பது, பிரித்தவற்றை எப்போது மாற்றுவது என்பதை முதல் நோட்டீஸ் வருவதற்கு முன்பே முடிவுசெய்துகொள்ள வேண்டும்.

பிறந்த தேதிப் பதிவேடு

முதல் வேலை ஒரு பதிவேடு. பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பள்ளி, வகுப்பு, பெற்றோரின் தொலைபேசி எண், இரத்த வகை, ஆஸ்துமா போன்ற தொல்லைகள், வீட்டிலிருந்து மைதானத்துக்கு எப்படி வருகிறார் என்ற விவரம் ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். பிறந்த தேதியைப் பிறப்புச் சான்றிதழைப் பார்த்து எழுதுங்கள். பெற்றோர் வாய்மொழியாகச் சொல்வதை எழுதாதீர்கள். பள்ளியில் சேர்ப்பதற்காக ஓராண்டு கூட்டியோ குறைத்தோ சொல்லிப் பழகியவர்கள் இங்கேயும் அதையே சொல்வார்கள், அதில் கெட்ட எண்ணம் இருக்காது. ஆனால் வயதைக் குறைத்துக் காட்டித் திருத்திய சான்றிதழுடன் யாராவது வந்தால், அவர் எவ்வளவு திறமையான ஆட்டக்காரராக இருந்தாலும் ஏற்காதீர்கள். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணிக்கும் பரிசோதனை வயதுவாரிப் போட்டிகளில் உண்டு. அங்கே சிக்கிக்கொண்டால் அவமானப்படுவது பிள்ளைதான்.

கிளப்புக்குள் பிறந்த ஆண்டை வைத்துப் பிரிப்பதே எளிது. 2016இல் பிறந்தவர்கள் ஒரு குழு, 2015இல் பிறந்தவர்கள் அடுத்த குழு என்று வையுங்கள். ஆள் குறைவாக இருந்தால் இரண்டு ஆண்டுகளைச் சேர்த்து ஒரு குழுவாக்கலாம். மூன்று ஆண்டுகளைச் சேர்க்கக் கூடாது. கல்வித் துறை நடத்தும் குறுவட்ட, மாவட்டப் போட்டிகளில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்ற பிரிவுகள் இருக்கின்றன. மாவட்டக் கால்பந்துச் சங்கம் நடத்தும் போட்டிகளின் பிரிவுகள் வேறாக இருக்கும். எந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவர்கள் ஆடலாம் என்பது ஒவ்வொரு சுற்றறிக்கையிலும் அச்சிடப்பட்டிருக்கும். அந்த வரியைப் படித்த பிறகே பெயர் கொடுங்கள்.

பிறந்த ஆண்டைக் கொண்டு பிரிப்பதில் ஒரு பெரிய குறை உண்டு. ஜனவரியில் பிறந்தவரும் டிசம்பரில் பிறந்தவரும் ஒரே குழுவில் இருப்பார்கள். எட்டு வயதில் அந்தப் பதினொரு மாத வித்தியாசம் ஆயுளில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. ஆண்டின் தொடக்கத்தில் பிறந்தவர்கள் உயரமாகவும் வேகமாகவும் தெரிவதால் தெரிவில் அவர்களே அதிகம் இடம்பிடிக்கிறார்கள் என்பது பல நாடுகளின் இளையோர் அணிகளில் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்ட உண்மை.

இதை நான் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். நான் உதவிப் பயிற்சியாளராக இருந்த முதல் ஆண்டில், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஐம்பது மீட்டர் ஓட்டமும் நீண்ட உதையும் வைத்துப் பத்து வயதுப் பிள்ளைகளை மூன்று அணிகளாகப் பிரித்தோம். அம்மாபேட்டையிலிருந்து வந்த ஒரு சிறுவன், அண்ணனுடைய பூட்ஸின் முனையில் துணியைத் திணித்துக்கொண்டு ஓடினான். பாதி ஓட்டத்தில் பூட்ஸ் கழன்றது. மூன்றாம் அணியில் போட்டோம். இரண்டு வாரம் வந்தான், பிறகு காணவில்லை. சில மாதங்கள் கழித்து ஒரு தறிப்பட்டறைச் சந்தில் அவனைப் பார்த்தேன். வெறுங்காலுடன் ஒரு ரப்பர் பந்தை இடது காலுக்கும் வலது காலுக்கும் மாற்றி மாற்றி, சாக்கடை ஓரம் நின்ற சைக்கிள்களுக்கு இடையில் கொண்டுபோனான். அன்று மாலை பதிவேட்டை எடுத்துப் பார்த்தபோது, முதல் அணியில் பெரும்பாலோர் ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் பிறந்தவர்கள், அவன் டிசம்பர். அவனுடைய வீட்டுக்குப் போய் அழைத்தேன். வேறு வேலை வந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

எத்தனை பேர், எந்தப் பந்து

இளம் பிள்ளைகளைப் பதினோரு பேராக நிறுத்திப் பெரிய மைதானத்தில் விளையாட வைப்பது நம் ஊரில் இன்னும் வழக்கமாக இருக்கிறது. ஒரு பிள்ளை அரை மணி நேரத்தில் நான்கைந்து முறை பந்தைத் தொட்டுவிட்டு வீட்டுக்குப் போகும். அணியைச் சிறிதாக்கினால் ஒவ்வொருவருடைய காலுக்கும் பந்து அடிக்கடி வரும். அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2017 முதல் பின்பற்றச் சொன்ன வரிசை நமக்கும் பொருந்தும்: 8 வயதுக்குட்பட்டோருக்கு நால்வருக்கு நால்வர், 10 வயதுக்குட்பட்டோருக்கு எழுவருக்கு எழுவர், 12 வயதுக்குட்பட்டோருக்கு ஒன்பதின்மருக்கு ஒன்பதின்மர், 13 வயதுப் பிரிவிலிருந்துதான் பதினொருவர். ஒரு முழு மைதானத்தைக் கோன் வைத்துப் பிரித்தால் நால்வர் ஆட்டங்கள் நான்கு ஒரே நேரத்தில் நடக்கும். மைதானம் போதவில்லை என்று சொல்லும் கிளப்புகள் இதைச் செய்துபார்க்க வேண்டும்.

பந்தின் அளவும் முக்கியம். எட்டு வயதுவரை மூன்றாம் எண், பன்னிரண்டு வயதுவரை நான்காம் எண், அதற்கு மேல் ஐந்தாம் எண். ஐந்தாம் எண் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர், எடை 410 முதல் 450 கிராம். ஏழு வயதுக் காலுக்கு அது கல் மாதிரி. செம்மண் மைதானத்தில் பந்தின் தோல் சீக்கிரம் தேய்ந்துவிடுவதால், விலையுயர்ந்த இரண்டை வாங்குவதைவிட நடுத்தர விலையில் பத்து வாங்குவதே நல்லது. பயிற்சியின் முதல் பதினைந்து நிமிடம் ஆளுக்கொரு பந்து இருக்க வேண்டும்.

தலையால் முட்டும் பயிற்சியைச் சிறுபிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் 2015இலேயே 10 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு அது தடுக்கப்பட்டது. இங்கிலாந்தில் 2020 முதல் தொடக்கப்பள்ளி வயதினரின் பயிற்சியில் அது இல்லை.

பயிற்சி நிலைகள்

ஒரே ஆண்டில் பிறந்த பதினெட்டுப் பிள்ளைகள் இருந்தால், அவர்களிடையே திறன் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். அதை மறைக்க வேண்டியதில்லை. பந்தை நிறுத்தவே தடுமாறும் பிள்ளையும், மூன்று பேரைத் தாண்டிப் போகும் பிள்ளையும் எப்போதும் எதிரெதிரே ஆடினால் இருவருக்கும் பயன் இல்லை. மூன்று நிலைகள் போதும். முதல் நிலையில் பந்தோடு பழகுகிறவர்கள். இரண்டாம் நிலையில் பந்தைத் தன்வசம் வைத்துக்கொள்ளத் தெரிந்து, பாஸ் கொடுக்கக் கற்கிறவர்கள். மூன்றாம் நிலையில் எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்று யோசிக்கத் தொடங்கியவர்கள். ஏ டீம், பி டீம் என்று பெயரிட வேண்டாம். நிறத்தால் அழையுங்கள், அல்லது பிள்ளைகளையே பெயர் சூட்டச் சொல்லுங்கள்.

நிலையைத் தீர்மானிக்க ஒருநாள் தேர்வு வைக்காமல், நான்கு வாரம் பார்த்து எழுதுங்கள். எதைப் பார்ப்பது என்பதற்கு நான் பயன்படுத்தும் ஓர் ஆட்டம் இருக்கிறது. இருபது மீட்டர் நீளமும் பதினைந்து மீட்டர் அகலமும் கொண்ட கட்டத்தில் நால்வருக்கு நால்வர் ஆடவிடுவேன். ஒவ்வொரு முனையிலும் கோல் கம்பம் ஒன்றுக்குப் பதிலாக மூலைக்கு ஒன்றாக இரண்டு சின்ன வாசல்கள், ஒவ்வொன்றும் இரண்டடி அகலம். கோல்கீப்பர் கிடையாது. ஒரு வாசலை எதிரணி அடைத்துவிட்டால் மற்றொன்று திறந்திருக்கும். அதைக் காண வேண்டுமானால் பந்தை வைத்திருப்பவர் தலையை நிமிர்த்தியாக வேண்டும். குனிந்தபடியே ஓடுகிறவர் அடைத்த வாசலிலேயே போய் மோதுவார். நிமிர்ந்து பார்க்கிறவர் பாதி வழியில் நின்று, உள்ளங்காலால் பந்தை இழுத்து, மறுபக்கம் திரும்புவார். பத்து நிமிடம் ஓரமாக உட்கார்ந்து பார்த்தால், யார் பந்து வருமுன்பே தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறார், யார் இரண்டு காலையும் பயன்படுத்துகிறார், பந்தை இழந்ததும் யார் உடனே துரத்துகிறார் என்பன எல்லாம் தெரிந்துவிடும். ஓட்ட வேகத்தையும் உயரத்தையும் நான் குறிப்பதே இல்லை. அவை வயதோடு மாறுபவை.

பயிற்சி நேரத்தின் முதல் பாதியில் எல்லா நிலையினரும் சேர்ந்தே இருக்கட்டும். இரண்டாம் பாதியில் மட்டும் நிலைவாரியாகப் பிரியட்டும். எட்டு வயதுவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஒரு வாரத்தில் ஒழுங்குபடுத்தப்பட்ட பயிற்சியும் ஆட்டமும் சேர்ந்து, பிள்ளையின் வயது எத்தனையோ அத்தனை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் கணக்கை நினைவில் வையுங்கள். பள்ளி அணியிலும் ஆடுகிற பிள்ளைக்கு அந்த நேரத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் குறுவட்டப் போட்டி நடக்கும்போது உடற்கல்வி ஆசிரியரிடம் பேசி, கிளப் பயிற்சியை நீங்களே குறைத்துக்கொள்ளுங்கள். அவரோடு மோதுகிற கிளப் நிலைப்பதில்லை.

உடல் வளரும் காலம்

பெண்பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 12 வயதிலும் ஆண்பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 14 வயதிலும் உயரம் மிக வேகமாகக் கூடும். ஆனால் ஒவ்வொருவருக்கும் இரண்டு ஆண்டுகள் முன்னும் பின்னும் போகலாம். இந்தக் காலத்தில் நேற்றுவரை லாவகமாக ஆடிய பிள்ளை திடீரென்று தடுமாறும். கால் நீளம் கூடியதற்கு மூளை பழகவில்லை. முழங்காலுக்குக் கீழே புடைத்து வலிக்கும். சிலருக்குக் குதிகால் வலிக்கும். சோம்பேறித்தனம் என்று திட்டி ஓடவிட்டால் வலி முற்றும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் அளவு குறித்து எல்லோருடைய உயரத்தையும் எழுதிவையுங்கள். சட்டென்று கூடியவருக்குக் குதிப்பையும் வேக ஓட்டத்தையும் குறைத்து, வலி இருந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள். அந்தக் காலத்தில் யாரையும் கீழ் நிலைக்கு இறக்காதீர்கள்.

வார்ம்-அப்புக்குத் தனியாக யோசிக்க வேண்டாம். ஃபிஃபா 11+ என்ற வரிசையில் 15 பயிற்சிகள், சுமார் இருபது நிமிடம். 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதன் சிறுவர் வடிவம் இருக்கிறது. அதையே விடாமல் செய்தால் போதும்.

பன்னிரண்டு வயதுவரை பெண்பிள்ளைகளும் ஆண்பிள்ளைகளும் சேர்ந்தே ஆடலாம். அதன் பிறகு பெண்களுக்குத் தனி அணி வேண்டும், அவர்களுக்கு ஒரு பெண் பயிற்சியாளராவது வேண்டும், உடை மாற்றக் கதவுள்ள அறை வேண்டும். தமிழ்நாட்டு மகளிர் அணி 2018இலும் 2023இலும் தேசியப் பட்டம் வென்றிருக்கிறது. அப்படியிருந்தும் கழிவறை இல்லாத ஒரே காரணத்தால் பதின்மூன்று வயதில் மைதானத்தை விட்டுப்போகிற பெண்பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

போட்டியின் படிகள்

முதல் படி கிளப்புக்குள் நடக்கும் லீக். மாதம் இருமுறை, மூன்று நிலையினரையும் கலந்து அணி பிரித்து, இருபது நிமிட ஆட்டங்களாக நடத்துங்கள். பத்து வயதுவரை புள்ளிப் பட்டியல் வேண்டாம். இரண்டாம் படி பக்கத்து கிளப்புகளோடும் பள்ளிகளோடும் நட்பு ஆட்டம். ஆத்தூர், மேட்டூர், சங்ககிரி எல்லாம் காலையில் போய் மதியம் திரும்பிவிடக்கூடிய தூரம்தான். மூன்றாம் படியில் மாவட்டச் சங்கத்தின் வயதுவாரிப் போட்டிகளும், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் முதலமைச்சர் கோப்பையும் வரும். பள்ளி அணிகளுக்கு 1960 முதல் நடந்துவரும் சுப்ரதோ கோப்பையும் உண்டு. அதில் பள்ளிதான் பெயர் கொடுக்க முடியும், கிளப் முடியாது.

ஒவ்வொரு படிக்கும் ஆட்ட நேர விதியை எழுதி ஒட்டுங்கள். 12 வயதுவரை எந்தப் போட்டியானாலும் அழைத்துச் செல்லப்பட்ட ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது பாதி நேரம் ஆட வேண்டும். 14 வயதில் மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் பயிற்சியாளர் விருப்பம். இளையோர் ஆட்டங்களில் வெளியே வந்தவர் மீண்டும் உள்ளே போக விதிகள் இடமளிப்பதால், நட்பு ஆட்டங்களில் இது கடினமே அல்ல. கோல்கீப்பரைப் பன்னிரண்டு வயதுவரை மாற்றிக்கொண்டே இருங்கள். குண்டாக இருக்கிறான் என்பதற்காக ஒரு பிள்ளையைக் கம்பத்துக்கு நடுவில் நிரந்தரமாக நிறுத்துவது அநியாயம்.

ஏற்காட்டில் ஆட்டம் என்றால் தனியாகத் திட்டமிட வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏறும்போது பாதிப் பிள்ளைகளுக்குக் குமட்டும். ஒருமுறை பொங்கலும் வடையும் சாப்பிட்ட பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய், இறங்கிய அரை மணி நேரத்தில் ஆட விட்டோம். முதல் பாதியில் மூவர் ஓரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்கள். இரண்டு இட்லி போதும். ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் மூச்சு கொஞ்சம் சீக்கிரம் வாங்கும், ஈரப் புல்லில் பந்து நிற்காமல் வழுக்கும். ஏற்காட்டிலிருந்து கீழே வருகிற அணிக்கு வெயில்தான் எதிரி. ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தில் ஆட்டத்தைக் காலை எட்டரைக்குள் முடித்துவிட வேண்டும், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் கொடுக்க வேண்டும். மலையில் கிளப் தொடங்குகிறவர்களுக்கு இன்னொரு சொல்: எஸ்டேட் பிள்ளைகளுக்குக் கடைசி பஸ்தான் கால அட்டவணை. மாலை ஐந்தரைக்குப் பயிற்சி என்று போட்டால் டவுனில் இருப்பவர்கள் மட்டுமே வருவார்கள்.

நிலை மாற்றமும் பெற்றோரும்

ஆண்டில் மூன்று முறை, அதாவது செப்டம்பர், ஜனவரி, மே மாதங்களில், எல்லோருடைய நிலையையும் மறுபடி பாருங்கள். மேலே போகிறவரை முதலில் நான்கு வாரம் புதிய நிலையில் பயிற்சிக்கு மட்டும் அனுப்புங்கள். தாக்குப்பிடித்தால் அங்கேயே இருக்கட்டும். கீழே வருகிறவருக்கு எதைக் கற்றால் திரும்பப் போகலாம் என்று இரண்டே விஷயங்களைச் சொல்லுங்கள், அவற்றைப் பதிவேட்டிலும் எழுதுங்கள்.

பெற்றோர் கேட்பார்கள். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் ஒரு தந்தை, “ஏங்க சார், போன மாசம் இவன்தானே ரெண்டு கோல் போட்டான்? எதுக்கு இறக்கி விட்டீங்க?” என்று கேட்டார். பதிவேட்டைத் திறந்து, “அண்ணா, கோல் போட்டான், உண்மைதான். ஆனா இடது காலுக்குப் பந்து வந்தா அஞ்சு தடவையில நாலு தடவை விட்டுடறான், பாருங்க. இங்க மூணு மாசம் இடது கால்லயே ஆடட்டும்” என்று காட்டினேன். எழுத்தில் இருந்ததால் அவர் ஏற்றுக்கொண்டார். மே மாதம் பையன் மேலே போனான். எழுதாமல் வாயால் சொல்லியிருந்தால் அன்றே சண்டை வந்திருக்கும்.

பதிவும் பாதுகாப்பும்

பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சியாளர் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு பயிற்சியாளர்களுக்குத் தரும் டி லைசென்ஸ் சான்றிதழைப் பெற்றிருந்தால் நல்லது. எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. பயணத்தில் குறைந்தது இரண்டு பெரியவர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அத்தகைய குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமலிருப்பதும் குற்றம் என்பதை எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் சொல்லிவையுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098ஐ மைதானத்தில் பிள்ளைகளின் கண்ணில் படும்படி எழுதிவையுங்கள்.

கிளப்பைச் சங்கமாகப் பதிவுசெய்ய, 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு உறுப்பினர்கள் வேண்டும். மாவட்டக் கால்பந்துச் சங்கத்தில் இணைய விரும்பினால் அந்தப் பதிவுச் சான்றிதழ் தேவைப்படும்; வீரர்களைக் கூட்டமைப்பின் மையப் பதிவு முறையில் பதிவுசெய்யும் வேலை அதன் பிறகு வரும். இவை எல்லாம் முடிய மாதக்கணக்கில் ஆகலாம், அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டையும் அளவு டேப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள். வருகிற ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த தேதியையும் உயரத்தையும் எழுதுங்கள். இரண்டு வாசல் கட்டத்தைப் போட்டு நால்வர் நால்வராக ஆட விட்டுவிட்டு, விசிலைப் பையில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்காருங்கள்.